பாடம் 7: சாதாரண இறந்தகாலம் – முடிந்துபோனதை ஆங்கிலத்தில் எழுதுதல்



க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளில் இறந்தகாலம் ஏதாவதொரு வடிவில் வராமல் போவது அரிது. தரப்பட்ட வினையைச் சரியான வடிவில் எழுதுமாறு கேட்பார்கள். பாதியில் நிற்கும் ஒரு கதையை எழுதி முடிக்கச் சொல்வார்கள். சுற்றுலா சென்ற நாள், மறக்க முடியாத நாள் என்று கட்டுரை கேட்பார்கள். எங்கள் வகுப்பில் கொப்பி திருத்தும்போது எனது சிவப்புப் பேனை அதிகம் ஓடுவதும் இந்த இடத்தில்தான். ஆனால் இந்தப் பாடத்தின் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். எந்த இடத்தில் தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும், எந்த இடத்தில் வழி மாற்றிவிடும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

இப்பாடத்தில் ஆங்கிலச் சொற்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு, வரும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் பாடப்புத்தகத்தின் பின்பக்க அட்டவணையையோ அகராதியையோ பாருங்கள். அதுவே முதற் பயிற்சி.

எப்போது பயன்படுத்த வேண்டும்?

ஒரு செயல் முடிந்துவிட்டது, அது நடந்த காலமும் முடிந்துவிட்டது. அப்போது சாதாரண இறந்தகாலம். பின்வரும் மூன்று வசனங்களையும் பாருங்கள்.

த ட்ரெயின் கேம் டு எட்டியாந்தோட்டை இன் 1903.
இட் கரீட் டீ அண்ட் ரபர்.
இட் ஸ்டொப்ட் இன் 1942.

இது கற்பனை அல்ல. தெரணியகலையிலிருந்து பஸ்ஸில் அவிசாவளைக்கு இறங்கும் உங்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். களனிவெளி ரயில் பாதை 1902இல் அவிசாவளைக்கு வந்தது. அடுத்த ஆண்டே எட்டியாந்தோட்டை வரை நீண்டது. இரண்டடி ஆறு அங்குல அகலமே உள்ள சிறிய தண்டவாளம். நம்முடைய பக்கத்துத் தோட்டங்களின் தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்கு இறக்குவதற்காகவே அமைக்கப்பட்டது. அவிசாவளைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் இடைப்பட்ட பகுதி 1942இல் மூடப்பட்டது. வந்தது, சுமந்தது, நின்றது. மூன்றும் முடிந்த கதை. ஆகவே மூன்று வினைகளும் இறந்தகாலத்தில் உள்ளன.

இம்மூன்று வினைகளையும் வேண்டுமென்றே தெரிந்தெடுத்தேன். மூன்றும் மூன்று விதமாக இறந்தகாலம் ஆகின்றன.

ஈ, டீ சேரும் வினைகள்

பெரும்பாலான வினைகளோடு ஈ, டீ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் இறந்தகாலம் கிடைக்கும். பிளக் என்றால் பறி. பிளக்ட் என்றால் பறித்தேன், பறித்தாய், பறித்தார்கள், எல்லாம்தான். தமிழைப் போல ஆளுக்கு ஆள் விகுதி மாறாது. இது ஆங்கிலம் நமக்குத் தரும் சலுகை. நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இட் வந்தால் வினையின் கடைசியில் ஓர் எஸ் போட வேண்டுமே, அந்தத் தொல்லைகூட இங்கே கிடையாது.

ஈயில் முடியும் சொல்லுக்கு டீ மட்டும் போதும். மெய்யெழுத்துக்குப் பின் வையில் முடிந்தால், வையை எடுத்துவிட்டு ஐ, ஈ, டீ போட வேண்டும். கரி, கரீட் அப்படி வந்தது. வைக்கு முன் உயிரெழுத்து இருந்தால் ஒன்றும் மாறாது. பிளே, பிளேட்.

மாணவர்கள் தடுக்கி விழுவது ஸ்டொப் என்பதில். ஈ, டீ சேரும்போது அதன் கடைசி எழுத்தான பீ இரண்டாகிறது. ரெயின் என்பதிலோ என் இரண்டாவதில்லை. ஏன் என்று கேட்டால் பலர் மனப்பாடம் செய்ததாகச் சொல்வார்கள். மனப்பாடம் தேவையில்லை. தமிழில் புணர்ச்சி படித்தீர்கள் அல்லவா? கல் + எறிந்தான் = கல்லெறிந்தான். தனிக்குறிலை அடுத்து ஒற்று நின்று, அடுத்து உயிர் வந்தால் ஒற்று இரட்டிக்கும். பால் + ஊற்றினான் = பாலூற்றினான். அங்கே நெடில் இருப்பதால் இரட்டிக்கவில்லை. ஸ்டொப் கல்லைப் போன்றது. ஒரே ஓர் உயிரெழுத்து, குறுகிய ஓசை, பின்னால் ஒரே மெய். அதோடு உயிரெழுத்தான ஈ வந்து சேரும்போது மெய் இரட்டிக்கிறது. இறப்பர் மரத்தில் பால் வெட்டுவதைக் குறிக்கும் டெப் என்ற வினையும் இதே வகை. டெப்ட் என்பதை இரண்டு பீ போட்டு எழுதுங்கள். ரெயின், கிளீன் போன்றவற்றில் இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து ஓசை நீள்கிறது. ஆகவே அவை பாலைப் போன்றவை. இரட்டிக்காது. இந்த விதி ஓரசைச் சொற்களுக்கு. டபிள்யூ, எக்ஸ், வை என்பன ஒருபோதும் இரட்டிக்கமாட்டா.

உச்சரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்டொப்பெட், வொஷெட் என்று வாசிக்காதீர்கள். ஈயை விழுங்கிவிட வேண்டும். ஸ்டொப்ட், வொஷ்ட், பிளக்ட் என்பவற்றின் முடிவில் வருவது பட்டை என்ற சொல்லில் உள்ள வன்மையான ஓசை. கரீட், ஓப்பன்ட் என்பவற்றின் முடிவில் வருவது படை என்ற சொல்லில் உள்ள மென்மையான ஓசை. வினையே டீ ஒலியிலோ அதன் வன்மையான இணையிலோ முடிந்தால் மட்டும் இட் என்று ஓர் அசை கூடும். பிளான்ட், பிளான்டிட். நீட், நீடிட்.

ஒழுங்கற்ற வினைகள்

கம் என்பது கேம் ஆகிறது. கோ என்பது வென்ட் ஆகிறது. இப்படி ஏன் குழப்புகிறார்கள் என்று கோபப்படாத மாணவரை நான் கண்டதில்லை. கோபப்படுமுன் தமிழை ஒருமுறை பாருங்கள். செய் – செய்தான், உண் – உண்டான், செல் – சென்றான், ஓடு – ஓடினான். த், ட், ற், இன் என்று நமக்கு நான்கு இடைநிலைகள் இருக்கின்றன. எந்த வினைக்கு எது என்று யாரும் உங்களுக்கு அட்டவணை போட்டுத் தந்ததில்லை. கேட்டுப் பழகினீர்கள், அவ்வளவுதான்.

அதுமட்டுமல்ல. வா – வந்தான், தா – தந்தான், காண் – கண்டான், வே – வெந்தது. நெடில் குறிலாகிறது. ஆங்கிலத்திலும் ஒரு கூட்டம் வினைகள் அப்படியே செய்கின்றன. மீட் – மெட், ஃபீட் – ஃபெட், ஸ்லீப் – ஸ்லெப்ட், கீப் – கெப்ட், ஃபீல் – ஃபெல்ட். ரீட் என்பது ரெட் ஆகிறது. ஆனால் எழுத்துக்கூட்டல் மாறாது, வாசிக்கும் விதம் மட்டும் மாறும். இவற்றை ஒரு குடும்பமாகப் படியுங்கள். சிங் – சேங், டிரிங்க் – டிரேங்க், ஸ்விம் – ஸ்வேம் இன்னொரு குடும்பம். பை – போட், பிரிங் – புரோட், திங்க் – தோட், டீச் – டோட் மற்றொன்று. அகர வரிசையில் நூறு வினைகளை மனப்பாடம் செய்வதைவிட இப்படிக் குடும்பம் குடும்பமாகப் படிப்பது இலகு.

கட், புட், ஹிட், ஷட் ஆகியன மாறவே மாறா. அப்படியானால் காலத்தை எப்படி அறிவது? ஹீ கட்ஸ் என்றால் வெட்டுகிறான். எஸ் இல்லாமல் ஹீ கட் என்றால் வெட்டினான். அந்த ஓர் எழுத்து இல்லாமையே காலத்தைச் சொல்கிறது. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இது பிடித்தமான இடம்.

எதிர்மறை: தமிழ் கைகொடுக்கும் இடம்

ஐ டிட் நொட் வென்ட் என்று எழுதாத வகுப்பு இல்லை. இது ஏன் பிழை என்பதற்கு ஒரு கேள்வி கேட்கிறேன். போனேன் என்பதன் எதிர்மறை என்ன? போகவில்லை. போனேனில்லை என்று நீங்கள் சொல்வதில்லை. இல்லை வந்தவுடன் போன என்ற இறந்தகால வடிவம் மறைந்து, போக என்ற வெறும் வடிவம் திரும்பிவிடுகிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. டிட் நொட் வந்தவுடன் வென்ட் மறைந்து கோ திரும்பிவிடும். ஐ டிட் நொட் கோ. டிட் நொட் வென்ட் என்று எழுதும்போதெல்லாம் தமிழில் போனேனில்லை என்று எழுதுகிறீர்கள் என நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. நான் போகவில்லை, அவன் போகவில்லை, அவர்கள் போகவில்லை. வில்லை யாருக்கும் மாறுவதில்லை. டிட் நொட் அதேபோல் யாருக்கும் மாறாது.

டூ நொட், டஸ் நொட் என்பவற்றோடு இதைக் குழப்பாதீர்கள். தே டூ நொட் பே என்றால் அவர்கள் சம்பளம் தருவதில்லை. தே டிட் நொட் பே என்றால் தரவில்லை. முதலாவது வழக்கம், இரண்டாவது முடிந்த ஒரு தடவை. ஒரு மாதச் சம்பளம் கிடைக்காததைப் பற்றி முறைப்பாடு எழுதப் போய், என்றைக்குமே தருவதில்லை என்று எழுதிவிட்டால், அது வேறு குற்றச்சாட்டு ஆகிவிடும்.

இந்த இடத்தில் எனது சொந்தப் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2009இல் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். அம்மா 1979இலிருந்து முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்துவிட்டு, ஐம்பது வயதில் வேலையிலிருந்து நின்றிருந்தார். பெண்களுக்கு அந்த வயதில் ஊழியர் சேமலாப நிதியைப் பெற்றுக்கொள்ளலாம். லயத்தில் ஆங்கிலம் படித்த பிள்ளை நான் என்பதால், கடிதம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெருமையாக எழுதினேன்: மை மதர் வேர்க்ஸ் இன் திஸ் எஸ்டேட். அம்மா முப்பது ஆண்டு வேலை செய்தார் என்று சொல்வதாக எனக்கு நினைப்பு. பதில் வர இரண்டு மாதம் ஆனது. சேவையில் உள்ளவர் விண்ணப்பிக்க முடியாது, சேவையிலிருந்து விலகியபின் விண்ணப்பிக்கவும் என்று இருந்தது. அவர்கள் நான் எழுதியதைத்தான் வாசித்தார்கள். ஷீ வேர்க்ட் இன் திஸ் எஸ்டேட் ஃப்ரொம் 1979 டு 2009 என்று எழுதியிருக்க வேண்டும். எஸ் என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக ஈ, டீ என்ற இரண்டு எழுத்துகள். அந்த இரண்டு மாதமும் வீட்டில் அரிசிக்குக் கடன். அம்மா ஒரு சொல்லும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வினா: தமிழ் வழி மாற்றிவிடும் இடம்

தமிழில் கேள்வி கேட்பது சுலபம். போனாய் என்பதோடு ஓர் ஆ. போனாயா? இறந்தகாலம் அப்படியே இருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் டிட் யூ வென்ட் என்று கேட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் டிட் முன்னுக்கு வந்து காலத்தைத் தானே சுமந்துகொள்கிறது. ஆகவே வினைக்கு அந்தச் சுமை தேவையில்லை. டிட் யூ கோ? வென் டிட் த ட்ரெயின் ஸ்டொப்? வை டிட் தே க்ளோஸ் த லைன்? ஒரு வசனத்தில் காலத்தை ஓர் இடத்தில் மட்டும் காட்டினால் போதும்.

ஒரு விதிவிலக்கு. செய்தவர் யார் என்றே கேட்கும்போது டிட் வராது. ஹூ கேம்? ஹூ பிளான்டிட் த டீ? யார், எது என்ற சொல்லே எழுவாயின் இடத்தில் அமர்ந்திருப்பதால், வினை இறந்தகாலத்திலேயே இருக்கும். இந்த இரண்டாவது கேள்வியைப் பயிற்சியில் மீண்டும் சந்திப்பீர்கள்.

வொஸ், வேர் பற்றி ஓரிரு வரிகள் போதும். ஐ, ஹீ, ஷீ, இட் ஆகியவற்றுக்கு வொஸ். யூ, வீ, தே ஆகியவற்றுக்கு வேர். இவற்றுக்கு டிட் தேவையில்லை. ஷீ வொஸ் நொட் அட் ஹோம். வேர் யூ இல்? ஐ வொஸ் வென்ட் என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டு இறந்தகால வினைகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டிவைத்தால் புள்ளி போய்விடும்.

கதை எழுதும்போது

இனி வருபவை மூன்றும் தமிழ்ப் பேச்சு வழக்கால் வரும் பிழைகள். கட்டுரையில் அதிகம் புள்ளி இழப்பது இவற்றால்தான்.

முதலாவது. அம்மாயி பழைய கதை சொல்லும்போது எப்படிச் சொல்வார்? "அந்தக் காலத்துல விடியக்காலம் எழும்புவோம், பிரட்டுக்குப் போவோம், மழையில நனைஞ்சுகிட்டே மலை ஏறுவோம்." எழும்புவோம், போவோம் என்பவை வடிவத்தில் எதிர்காலம். பொருளில் பழைய வழக்கம். இதை அப்படியே பெயர்த்து வீ வில் கோ என்று எழுதினால், அம்மாயி நாளைக்கு மலைக்குப் போகிறார் என்று ஆகிவிடும். முடிந்துபோன வழக்கத்துக்கும் சாதாரண இறந்தகாலமே. வீ கொட் அப் எர்லி. வீ வென்ட் டு த மஸ்டர். வீ க்ளைம்ட் த ஹில் இன் த ரெயின். மஸ்டர் என்பதுதான் நாம் பிரட்டு என்பதற்குத் தோட்டத்து ஆங்கிலம்.

இரண்டாவது. சம்பவம் சொல்லும்போது நாம் நிகழ்காலத்துக்குத் தாவுவோம். "பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருக்கேன், பார்த்தா பாதையில பாம்பு கிடக்குது!" கேட்கச் சுவையாக இருக்கும். விடைத்தாளில் அது காலக் குழப்பம். இறந்தகாலத்தில் தொடங்கிய கதையை இறந்தகாலத்திலேயே கொண்டுபோய் முடியுங்கள். சடன்லி ஐ சோ எ ஸ்நேக் ஒன் த பாத். ஐ ஷவுடிட். மை பிரதர் ரேன் டு மீ. ஒருவர் பேசியதை மேற்கோள் குறிக்குள் அப்படியே தரும்போது மட்டும் மற்றக் காலங்கள் வரலாம்.

மூன்றாவது. "தாத்தா 1950இல் இங்கே வந்திருக்கிறார்" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் முடிந்துபோன ஆண்டு, நாள், நேரம் ஒன்றைச் சொல்லிவிட்டால் ஹேஸ் கம் வரவே கூடாது. ஹீ கேம் ஹியர் இன் 1950. வசனத்தில் யெஸ்டடே, லாஸ்ட் வீக், எகோ, அல்லது இன் என்பதோடு ஒரு பழைய ஆண்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் யோசிக்காமல் சாதாரண இறந்தகாலத்தை எழுதலாம்.

பயிற்சி

கீழேயுள்ள பந்தியைக் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதி, இடைவெளிகளை நிரப்புக. ஒவ்வொரு வசனத்துக்கும் உரிய வினை அதன் பின்னால் தரப்பட்டுள்ளது. எல்லாம் இறந்தகாலம் என்று எண்ணிவிட வேண்டாம்.

1. ஜேம்ஸ் டெய்லர் ........ டு சிலோன் இன் 1852. வினை: கம்.
2. இன் 1867 ஹீ ........ 19 ஏக்கர்ஸ் ஒஃப் டீ அட் லூல்கந்துர. வினை: பிளான்ட்.
3. ஹீ ........ அலோன். வினை: வேர்க், எதிர்மறையில்.
4. தமிழ் வேர்க்கர்ஸ் ........ ஒன் த எஸ்டேட் வித் ஹிம். வினை: பி.
5. ஹீ ........ இன் 1892. வினை: டை.
6. த வேர்க்கர்ஸ் ........ ஹிஸ் பொடி டு கண்டி. வினை: கரி.
7. டுடே வீ ........ தெயர் நேம்ஸ். வினை: நோ, எதிர்மறையில்.

அடுத்து, இரண்டாம் வசனத்தை விடையாகக் கொண்டு இரண்டு வினாக்கள் அமைக்க. ஒன்று வென் என்று தொடங்க வேண்டும், மற்றது ஹூ என்று தொடங்க வேண்டும். ஹூ வினாவுக்குப் புத்தகங்கள் ஒரே ஒரு பெயரைத்தான் விடையாகத் தரும். 19 ஏக்கரில் ஓர் ஆள் தனியாகக் கன்று நட முடியுமா என்பது மலையில் வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளான உங்களுக்குத் தெரியும். ஆகவே அந்த வினாவுக்கு, எழுவாயை மாற்றி, உங்கள் சொந்த விடை ஒன்றையும் எழுதுங்கள்.

வீட்டில் அல்லது லயத்தில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் கேட்க ஐந்து வினாக்களை டிட் யூ என்று தொடங்கி எழுதி, அவர் தமிழில் சொல்லும் பதில்களை ஆங்கிலத்தில் எழுதி வருக. அவர் "போவோம், வருவோம்" என்று சொல்லும் இடங்களில் கவனம்.

விடைகள்

1. கேம். 2. பிளான்டிட். 3. டிட் நொட் வேர்க். வேர்க்ட் என்று எழுதியவர்கள் எதிர்மறைப் பகுதியை மீண்டும் வாசிக்கவும். 4. வேர். வேர்க்கர்ஸ் என்பது பன்மை. 5. டைட். வினை ஈயில் முடிவதால் டீ மட்டும் சேரும். 6. கரீட். வை மறைந்து ஐ வந்துள்ளதா என்று பார்க்க. 7. டூ நொட் நோ. டிட் நொட் நோ என்று எழுதியிருந்தால் பிழை. டுடே என்ற சொல் வசனத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அவர்கள் சுமந்தது 1892இல் முடிந்துவிட்டது. அவர்களின் பெயர் நமக்குத் தெரியாமல் இருப்பது இன்னும் முடியவில்லை.

வினாக்கள்: வென் டிட் ஜேம்ஸ் டெய்லர் பிளான்ட் டீ அட் லூல்கந்துர? ஹூ பிளான்டிட் டீ அட் லூல்கந்துர?